டயாலிசிஸ் பண்றவங்களுக்கு ஏன் கால் எரியுது?

சென்னைல டயாலிசிஸ் சென்டர் வாசல்ல காத்திருக்கறவங்ககிட்ட பேச்சு குடுத்தா கிரியேட்டினின் (கிட்னி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு) எவ்ளோ, போன தடவை எத்தனை லிட்டர் தண்ணி எடுத்தாங்கன்னு மளமளன்னு சொல்லுவாங்க, ஆனா ராத்திரி கால் எரிச்சல் தாங்காம எழுந்து டைல்ஸ் மேல பாதத்தை வச்சு உக்காந்திருக்கறதை நாம கேட்டாத்தான் சொல்லுவாங்க. "சுகர் இருக்குல்ல, அதான்"னு அவங்களே முடிவு பண்ணிடறாங்க. சுகர் பெரிய காரணம்தான், இல்லன்னு சொல்லல. சுகரே இல்லாத கிட்னி பேஷண்ட்டுக்கும் இது வருது.

டயாலிசிஸ்னா கிட்னிக்குப் பதிலா மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்றது. அந்த மெஷின்ல இருக்கற ஃபில்டர் யூரியா மாதிரி குட்டி மூலக்கூறுகளை சுலபமா வெளிய தள்ளிடும். அதைவிட பெரிய சைஸ் கழிவெல்லாம் சரியா வெளிய வராம ரத்தத்துலயே சுத்திக்கிட்டிருக்கும், இதுங்கதான் நரம்பைக் கெடுக்குதுன்னு 1970கள்லேர்ந்தே ஒரு கருத்து இருக்கு. அதுல பீட்டா-2 மைக்ரோகுளோபுலின்னு ஒரு புரோட்டீன், வருஷக்கணக்கா மணிக்கட்டுல படிஞ்சு நரம்பை நசுக்கும், கட்டைவிரல்லேர்ந்து நடுவிரல் வரைக்கும் மதமதன்னு ஆயிடும்.

இன்னொரு ஆளு பொட்டாசியம்ங்கற தாது உப்பு. நரம்புக்குள்ள அது ரொம்ப அதிகம், வெளில கம்மி, இந்த வித்தியாசத்தை வச்சுத்தான் நரம்பு சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட்ல ரெடியா நிக்குது. ரத்தத்துல பொட்டாசியம் லிட்டருக்கு 3.5லேர்ந்து 5 மில்லிமோல் வரைக்கும் இருக்கணும், ரெண்டு டயாலிசிஸுக்கு நடுவுல 6 தாண்டுச்சுன்னா வித்தியாசம் குறைஞ்சு நரம்போட சார்ஜ் இறங்கிடும். 2005ல சிட்னி ஆராய்ச்சியாளர்கள் டயாலிசிஸுக்கு முன்னாடியும் பின்னாடியும் நரம்பை அளந்து பாத்தாங்க, முன்னாடி தெரிஞ்ச கோளாறு பொட்டாசியம் அளவோட ஒத்துப்போச்சு, முடிஞ்சதும் நல்லாவே சரியாச்சு. இளநீல பொட்டாசியம் அதிகம், மே மாச வெயில்ல "ஒரே ஒரு இளநீதானே"ன்னு குடிக்கறதை டாக்டருங்க ஏன் திட்டறாங்கன்னு இப்ப புரியும், அது முக்கியமா இதயத்துக்காக, ஆனா நரம்புக்கும் கெடுதல்தான்.

முதுகுலேர்ந்து கால்விரல் வரைக்கும் போற நரம்புதான் உடம்புலயே நீளம், அதனால அடி மொதல்ல பாதத்துலதான். எரிச்சல், அப்புறம் மரத்துப்போகுது, செருப்பு கழண்டு விழுந்ததுகூட தெரியாம நாலடி நடந்துட்டு திரும்பிப் பாக்கறாங்க. கால்ல ஆணி குத்துனா சீழ் வெச்சப்புறம்தான் தெரியும். தூக்கம் போச்சுன்னா மறுநாள் வேலைக்குப் போறது, வீட்ல சிரிச்சுப் பேசறது எல்லாமே போயிடுது, ஆனா மாசாமாசம் எடுக்கற ரத்த டெஸ்ட்ல இதுக்குன்னு ஒரு கட்டம் கிடையாது.

கால் ஓயாம குறுகுறுன்னு ஆட்டத் தோணுதுன்னா இரும்புச்சத்து பாக்கணும், பி12 லெவலும் பாக்கலாம். எரிச்சலுக்கு கபாபென்டின்னு ஒரு நரம்பு வலி மாத்திரை குடுப்பாங்க, ஆனா அது கிட்னி வழியாத்தான் வெளிய போகும், அதனால டோஸ் ரொம்ப கம்மியா இருக்கணும். பக்கத்து வீட்டு அங்கிள் சாப்பிடறாருன்னு மெடிக்கல்ஸ்ல வாங்கிப் போட்டா மயங்கிக் கிடக்க வேண்டியதுதான்.