மாடல் விமானத்தில் உலோகப் பெயிண்ட்: துணியை எடுக்கும் முன்பே முடிந்துவிடும் வேலை

வெள்ளிப் பெயிண்ட் அடித்த மாடலைத் துணியால் எவ்வளவு தேய்த்தாலும் சாம்பல் பூசியது போலவே இருக்கிறது என்றால், பெரும்பாலும் குற்றம் துணியிலும் இல்லை, பெயிண்டிலும் இல்லை. அடியில் இருக்கிற பிளாஸ்டிக்கைப் பாருங்கள்.

இந்தப் பெயிண்டில் இருப்பது மிக மெல்லிய உலோகச் செதில்கள். தெளித்ததும் அவை தாறுமாறாகக் கிடக்கும். தேய்க்கும்போது படுத்து, ஒளியை ஒரே திசையில் திருப்பும். மெருகு என்பது அவ்வளவுதான். பூச்சு மெல்லியது என்பதால் எந்தக் கீறலையும் அது நிரப்பாது. சாதாரணப் பச்சைப் பெயிண்டுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத 1000 எண் உப்புத்தாள் கீறல், இங்கே தலைமுடி ஒட்டியது போலத் தெரியும்.

எனவே 1000, 1500, 2000 என்று தண்ணீர் தொட்டுப் படிப்படியாகத் தேய்த்து, மைக்ரோமெஷ் என்ற மிக நுண்ணிய மெருகுத் துணியில் 6000 எண் வரை போங்கள். ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போயிற்றா என்று தெரியும். பாகங்கள் சேரும் இணைப்புக் கோடுகளை நிரப்பப் பட்டி (புட்டி) வேண்டாம். அது காய்ந்து சுருங்கி, பெயிண்டின் தின்னரையும் உறிஞ்சி, உலோக நிறத்துக்குக் கீழே தழும்பாகத் தெரியும். சூப்பர் க்ளூ வைத்து, கல்லாக இறுகுவதற்குள், அன்றைக்கே தேய்த்துவிடுங்கள். பிறகு மெல்லிய பிரைமர், அதாவது அடிப்பூச்சு. கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமானால் அதன்மேல் பளபளப்பான (gloss) கறுப்புப் பெயிண்ட். அந்தக் கறுப்பு முழுதாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் மேலே வரும் லாக்கர் வகை உலோகப் பெயிண்ட் அதைக் கரைத்து, பளபளப்பு செத்துவிடும்.

எல்லா உலோகப் பெயிண்டும் தேய்ப்பதற்கானவை அல்ல. டெஸ்டர்ஸ் நிறுவனத்தின் பழைய மெட்டலைசர் பெயிண்ட் வரிசையிலேயே தேய்ப்பது, தேய்க்காதது என இரு வகை இருந்தன. மிஸ்டர் மெட்டல் கலர் தேய்த்தால்தான் மெருகு காட்டும். ஆல்க்ளாட் பெயிண்ட் தெளித்த நிலையிலேயே பளபளக்கும்.

பெயிண்டைக் காற்றால் தெளிக்கும் ஏர்பிரஷ் கருவிக்கு 12 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) போதும். ஈரமாக ஊற்றாமல், பனி படிவது போல மூன்று நான்கு முறை. தடித்த பூச்சில் செதில்கள் புதைந்து, தேய்த்தால் பிசிறுதான் வரும்.

காய்ந்ததும் பஞ்சு அதிகம் உதிராத பருத்தித் துணி, மூலைகளுக்குக் காது குடையும் பஞ்சுக் குச்சி. அழுத்தாதீர்கள், துணியின் எடையே போதும். இறக்கை விளிம்பிலும் ரிவெட் மேட்டிலும் இரண்டு தேய்ப்பு கூடிவிட்டால் கறுப்பு எட்டிப் பார்க்கும். பக்கத்துப் பக்கத்துப் பேனல்களில் தேய்க்கும் அளவையும் திசையையும் மாற்றினால், ஒரே பெயிண்டில் வெவ்வேறு தகடுகள் போலத் தோன்றும். ஆனால் எதைத் தேய்க்கக் கூடாது என்பதையும் நிஜ விமானத்தின் படம் பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டாம் உலகப் போர்க் கால அமெரிக்கப் போர் விமானமான பி-51 மஸ்டாங்கில், வெள்ளி நிறத்தில் பறந்தவற்றின் உடல் பெரும்பாலும் வெறும் உலோகம். இறக்கையின் முன்பகுதியில் ரிவெட்டுகளையும் இணைப்புகளையும் பட்டியால் மூடி, தேய்த்து, அலுமினியப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த இறக்கையைக் கண்ணாடியாக்கினால் விமானமே பொய்யாகிவிடும்.

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்: தேய்க்கும்போது துணியில் சாம்பல் நிறமாக ஒட்டுவது உலோகத் தூள், அதில் ஒரு பங்கு மூச்சிலும் போகிறது. லாக்கர் தின்னர் ஆவிக்குத் துணி முகக்கவசம் எந்தப் பாதுகாப்பும் தராது. கரிம ஆவி வடிகட்டியும் தூசி வடிகட்டியும் சேர்ந்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். காற்றை வெளியே இழுக்கும் விசிறி வேண்டும், அருகில் தீ இருக்கவே கூடாது. ஜன்னலைத் திறந்தால் போதும் என்று நினைக்காதீர்கள், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில்.

தேய்த்தபின் வெறும் கையால் தொட்டால் விரல் ரேகை தங்கிவிடும். நைட்ரைல் கையுறை போடுங்கள். மேலே கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் மெருகு ஒரு படி மங்கும். டெகால் (சின்னம், எண் உள்ள ஒட்டுப் படம்) ஒட்டும் இடத்தில் மட்டும் மெல்லியதாக அடியுங்கள். பெயிண்ட் படக் கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்கிங் டேப்பின் பசையை உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்துக் குறைத்த பிறகே மாடலில் வையுங்கள். எடுக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், தன் மேலேயே மடித்து மெதுவாகப் பின்னால் இழுங்கள்.