ஒரே வேலைக்கு ஐந்து ஃபங்ஷன்: நகலை நீக்கும் முன் வித்தியாசத்தைப் பாருங்கள்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஒரு சின்ன அட்டவணை இருந்தது. ஃபைலின் மோட் என்பது 16 பிட் எண். அதன் மேல் 4 பிட்டுகள்தான் அது சாதாரண ஃபைலா, டைரக்டரியா, சாக்கெட்டா என்று சொல்லும். அந்த 4 பிட்டை வாங்கிக்கொண்டு, டைரக்டரியில் எழுத வேண்டிய எண்ணைத் தருவது அட்டவணையின் வேலை: சாதாரண ஃபைலுக்கு 1, டைரக்டரிக்கு 2, சிம்லிங்க்குக்கு (வேறு ஃபைலைச் சுட்டும் ஃபைல்) 7. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஃபைல்சிஸ்டங்களில் ஒன்றான எக்ஸ்ட்2 தனக்கென்று ஒன்று வைத்திருந்தது. நில்எஃப்எஸ்2, எஃப்2எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்று மற்றவையும் பெயரின் முன்பாதியை மட்டும் மாற்றி அதையே வைத்திருந்தன.

4 பிட்டில் 0 முதல் 15 வரை 16 மதிப்புகள் வரலாம். அட்டவணையில் இருந்ததோ 15 இடம். நல்ல ஃபைல் எதற்கும் 15 வராது. சாக்கெட்டின் 12-தான் அதிகபட்சம். ஆனால் டிஸ்க் கெட்டுப்போனாலோ, வேண்டுமென்றே சிதைத்த டிஸ்க் இமேஜை யாராவது மவுண்ட் செய்தாலோ (இணைத்துத் திறந்தாலோ) 15 வரலாம். அப்போது அட்டவணையைத் தாண்டி ஒரு பைட் படிக்கப்படும்.

பக் என்று பார்த்தால் சின்னதுதான். ஆனால் காப்பி அடித்தபோது தவறும் கூடவே போயிருக்கிறது. ஒன்றில் திருத்தியவருக்கு மற்ற இடங்கள் இருப்பதே தெரியாமல் போகலாம். 2019-ல் 5.1 பதிப்பில் எல்லோருக்கும் பொதுவான ஃபங்ஷன் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு ஃபைல்சிஸ்டமாக அதற்கு மாறியது.

நகல் வருவது சோம்பேறித்தனத்தால் மட்டுமல்ல. எக்ஸ்ட்4 பிறந்ததே 2006-ல் எக்ஸ்ட்3-ஐ முழுசாகக் காப்பி எடுத்துத்தான். ஊரே நம்பி ஓட்டிக்கொண்டிருந்த எக்ஸ்ட்3-இல் புதுச் சோதனைகள் வேண்டாம் என்பது காரணம். என் கணக்கில் அது சரியான முடிவு. விலை என்னவென்றால், பல திருத்தங்களை இரண்டு இடத்தில் செய்ய வேண்டியிருந்தது. எக்ஸ்ட்3 ஃபார்மேட்டை எக்ஸ்ட்4 டிரைவரே கையாளும் என்ற நிலை உறுதியான பிறகு, 2015-ல் 4.3 பதிப்பில் பழைய எக்ஸ்ட்3 கோட் தூக்கப்பட்டது.

இனி எதிர்ப்பக்கம். இரண்டு ஃபங்ஷன் ஒரே மாதிரி தெரிந்தால் உடனே சேர்த்துவிடத் தோன்றும். ஃபேட் ஃபைல்சிஸ்டத்தில் வருடத்துக்கு 7 பிட், 1980-இல் தொடங்கி 2107 வரை. நொடிக்கு 5 பிட்டே இருப்பதால் 2 நொடிக்கு ஒரு படி. இதை யூனிக்ஸ் நேரமாக (1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் நொடிகள்) மாற்ற ஃபேட் கோட் நாட்களைக் கையாலேயே எண்ணுகிறது. 2100 லீப் வருடம் இல்லை என்பதற்குத் தனி நிபந்தனையே உண்டு. எக்ஸ்ஃபேட் அந்தக் கணக்கைக் கர்னலின் பொது ஃபங்ஷனிடம் விட்டுவிட்டது. அப்படியானால் இரண்டையும் ஒன்றாக்கலாமே? தேதிக் கணக்கை ஆக்கலாம். அதற்கு மேல் போகக்கூடாது. ஃபேட் டிஸ்க்கில் இருப்பது வெறும் உள்ளூர் நேரம். எக்ஸ்ஃபேட்டில் நேர மண்டல வித்தியாசத்துக்கென்று தனி இடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முழுசாகச் சேர்த்தால் ஃபைல்களின் நேரம் சில மணி தள்ளிப்போகும். கம்பைலர் வாயே திறக்காது.

நானே ஒருமுறை மாட்டியிருக்கிறேன். இரண்டு ஹெல்பர் ஃபங்ஷன்களும் டிஸ்க்கின் ஒரு பிளாக்கைப் படித்து, அது மெமரியில் இருக்கும் இடத்தைக் காட்டும் பாயின்டரைத் தருபவை. ஒன்று தோற்றால் நல் (எதையும் காட்டாத வெற்று பாயின்டர்) தரும். மற்றது பிழை எண்ணையே பாயின்டராக்கித் தரும். உடம்பு அச்சு அசலாக ஒன்று, தோல்வி மட்டும் வேறு. நான் இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதைத் தூக்கினேன். முதலாவதை அழைத்த கோடோ நல் வந்ததா என்று மட்டுமே பார்த்தது. மெமரி தீர்ந்தால் வரும் -12 நல் இல்லையே, சோதனையைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த வரியில் கர்னல் விழுந்தது. வழக்கமான டெஸ்ட் எல்லாம் பச்சை. மெமரி ஒதுக்கீட்டை வேண்டுமென்றே தோற்கடித்து ஓட்டியபோதுதான் வெளியே வந்தது.

மெமரி கேட்கும்போது கூடவே கொடுக்கும் கொடியும் (ஃபிளாக்) இதே ரகம். ஃபைல்சிஸ்டம் லாக்கைப் பிடித்தபடி அழைக்கப்படும் ஹெல்பர், மெமரிக்காகத் திரும்ப ஃபைல்சிஸ்டத்துக்குள் வராதே என்று சொல்லும் கொடியோடு கேட்கும். சாதாரண கொடி உள்ள நகலை அங்கே வைத்தால் மெமரி நெருக்கடியில் டெட்லாக் வரலாம், அதாவது ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாம் நின்றுபோகலாம். அதனால் ஒரு சொல்தானே வேறு என்று தாண்டிப் போகாதீர்கள், அந்த ஒரு சொல்லுக்காகத்தான் டிஃப் (இரண்டு கோடின் வித்தியாசப் பட்டியல்) பார்க்கிறோம்.

நான் இப்போது செய்வது: முதல் பேட்ச்சில் (அனுப்பும் மாற்றத்தில்) எதையும் நீக்குவதில்லை. நகல்களை வரிக்கு வரி ஒன்றாக்குவேன். ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் தனி கமிட் (பதிவு செய்த மாற்றம்), ஏன் என்ற விளக்கத்தோடு. அதற்கு, பழைய மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் வரலாற்றைத் தோண்ட வேண்டியிருக்கும். பாதி நேரம் அந்த வித்தியாசம், ஒரு நகலில் மட்டும் திருத்தப்பட்ட பக் ஆகவே இருக்கும். அதைப் பழைய பதிப்புகளுக்கும் கொண்டுபோக வேண்டும், தனி கமிட்டாக இருந்தால்தான் எடுத்துப்போக முடியும். பிறகு பொது ஃபங்ஷன், பிறகு ஒவ்வொரு ஃபைல்சிஸ்டமும் மாற ஒரு பேட்ச், கடைசியில் நீக்கல். அழைக்கும் இடங்கள் நிறைய என்றால் காக்சினெல் கருவி தேடி மாற்றித் தரும்.

பில்ட் விஷயம் ஒன்று. எதைக் கட்ட வேண்டும் என்று சொல்லும் உங்கள் கான்ஃபிக்கில் எக்ஸ்ட்4-உம் இன்னும் ஒன்றிரண்டும்தான் இருக்கும். அதில் இல்லாத யுஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் உடைந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தவிர, பொது ஃபங்ஷனை மாட்யூல்களுக்கும் (கர்னலில் தனியாக ஏற்றும் துண்டுகள்) தெரியும்படி எக்ஸ்போர்ட் செய்ய மறந்தால் கர்னலோடு சேர்த்துக் கட்டும்போது எல்லாம் ஓடும். மாட்யூலாகக் கட்டுபவருக்குத்தான் சிம்பல் இல்லை என்று பிழை வரும். அனுப்பும் முன் எல்லாவற்றையும் மாட்யூலாக்கி ஒருமுறை கட்டிப் பாருங்கள்.