மண்டலத்துக்குள் நுழையும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

அம்பத்தூரிலும் கிண்டியிலும் பட்டறை நடத்தும் சிறு உற்பத்தியாளர்கள் பலர், தாம்பரம் மெப்ஸ் போன்ற, ஏற்றுமதியை ஊக்குவிக்க வரிச் சலுகைகளோடு அமைந்த சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் போய்விட்டால் வரியே கட்ட வேண்டாம் என்ற நம்பிக்கையோடுதான் ஆடிட்டரான என்னிடம் வருகிறார்கள். அந்த நம்பிக்கையை நம்பி எவரும் முதலீடு செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 10ஏஏ பிரிவு, ஏற்றுமதி லாபத்துக்கு முதல் 5 ஆண்டுகள் முழு விலக்கும், அடுத்த 5 ஆண்டுகள் பாதி விலக்கும் அளித்தது உண்மை. விலக்குகள் இருந்தாலும் லாபம் ஈட்டும் நிறுவனம் கட்டியாக வேண்டிய குறைந்தபட்ச மாற்று வரி, 2011-இல் மண்டல நிறுவனங்களுக்கும் விதிக்கப்பட்டபோதே அதன் பலன் குறையத் தொடங்கியது; 2020-க்குப் பிறகு உற்பத்தியைத் தொடங்கிய புதிய அலகுகளுக்கு, அதாவது மண்டலத்துக்குள் இயங்கும் தொழிற்கூடங்களுக்கு, அந்தச் சலுகையே கிடையாது.

அப்படியிருந்தும் முதலீட்டாளர்கள் ஏன் வருகிறார்கள்? 2005-ஆம் ஆண்டுச் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டத்தின்படி, மண்டலத்துக்குள் இறக்குமதியாகும் இயந்திரங்களுக்கும் மூலப்பொருள்களுக்கும் சுங்க வரி இல்லை. உள்நாட்டிலிருந்து வாங்குபவற்றுக்கு ஜிஎஸ்டி சுமையும் இல்லை. வரியாகக் கட்டிவிட்டு, திரும்பக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டிய பணம் நடைமுறை மூலதனமாகக் கையிலேயே நிற்பது, வங்கிக் கடனில் ஓடும் தொழிலுக்கு எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பதை நான் ஆண்டுதோறும் கணக்குப் புத்தகங்களில் பார்க்கிறேன். சுங்க அதிகாரிகள் மண்டலத்துக்குள்ளேயே இருப்பதும், பெரும்பாலான அனுமதிகள் மண்டலத்தை நிர்வகிக்கும் வளர்ச்சி ஆணையரின் அலுவலகம் ஒன்றிலேயே முடிவதும் அதற்கு அடுத்த காரணங்கள்.

அக்கம்பக்கமும் முக்கியம். ஸ்ரீபெரும்புதூர் சிறப்பு மண்டலத்தில் கைப்பேசி நிறுவனமான நோக்கியா 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, அதற்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்களும் அதே வளாகத்துக்கு வந்தன. 2014-இல் ஆலை மூடப்பட்டபோது அவையும் தொழிலாளர்களும் பட்ட பாட்டைச் சென்னை மறந்திருக்காது. ஒற்றை வாடிக்கையாளரை மட்டும் நம்பி மண்டலத்துக்குள் போவது ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இனி, கவனிக்கத் தவறும் இடத்துக்கு வருகிறேன். மண்டல அலகு 5 ஆண்டுக் காலத்தில் ஈட்டும் அந்நியச் செலாவணி, செலவழித்த அந்நியச் செலாவணியைவிட மொத்தத்தில் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராத நடவடிக்கை வரும். சுங்கத்தைப் பொறுத்தவரை மண்டலம் நாட்டின் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கொள்ளப்படுவதால், அங்கே செய்த பொருளைக் கோயம்புத்தூருக்கு விற்றாலும் அது இறக்குமதியாகவே கருதப்பட்டு, அதில் சேர்ந்த உள்நாட்டு மூலப்பொருளையும் நம் உழைப்பையும் உள்ளடக்கிய முழு மதிப்புக்கும் சுங்க வரி கட்ட வேண்டியிருக்கும். விற்பனையில் பெரும்பகுதி உள்நாட்டில் என்றால், மண்டலம் உங்களுக்கு உகந்ததல்ல என்றே சொல்வேன்.

அத்தகையோர் சுங்கச் சட்டத்தின் 65-ஆம் பிரிவைப் பற்றித் தங்கள் ஆடிட்டரிடம் கேட்க வேண்டும். அதன்கீழ் உரிமம் பெற்றால், இருக்கும் இடத்திலேயே சுங்கக் கண்காணிப்பில் உற்பத்தி செய்யலாம். இறக்குமதி வரியை அப்போதைக்குக் கட்ட வேண்டாம், ஏற்றுமதிக் கட்டாயமும் இல்லை. உள்நாட்டில் விற்கும்போது, அந்தப் பொருளில் சேர்ந்த இறக்குமதி மூலப்பொருளுக்கு உரிய சுங்க வரியை மட்டும் வட்டியின்றிக் கட்டினால் போதும். விற்பனைக்கு உரிய ஜிஎஸ்டி வழக்கம்போல் தனி.