கல்யாண வீடியோவை எதில் எடுத்து வைப்பது?

தை மாத முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் ஸ்டுடியோக்காரர்களுக்குத் தூக்கம் கிடையாது. ஒரு கல்யாணத்துக்கே நூற்றுக்கணக்கான ஜிபி சேர்ந்துவிடுகிறது. "எஸ்எஸ்டி வாங்கிப் போட்டுக்குங்க" என்றுதான் இப்போது பலரும் சொல்கிறார்கள். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் தகவலைச் சேமிக்கும் டிரைவ்தான் எஸ்எஸ்டி. எடிட்டிங்குக்கு அது சரி. ஆனால் வருடக்கணக்கில் பீரோவில் எடுத்து வைக்க ஹார்ட் டிஸ்க்தான் நல்லது என்பேன்.

ஹார்ட் டிஸ்குக்குள் காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கிறது. அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் ஹெட் (எழுதவும் படிக்கவும் செய்யும் முனை), பூச்சின் நுண்பகுதிகளை இந்தத் திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமாக்குகிறது. ஒரு ஃபைலைப் படிக்க ஹெட் நகர வேண்டும், தட்டும் சுழன்று வர வேண்டும். 7,200 வேகத்தில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. ஆயிரக்கணக்கான போட்டோக்களைத் திறக்கும்போது அது திணறுவது இதனால்தான். ஓடும்போது கீழே விழுந்தால் ஹெட் தட்டைக் கீறிவிடும்.

எஸ்எஸ்டியில் நகரும் பாகமே இல்லை. 1980களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம்தான் அதில் இருப்பது. ஒவ்வொரு செல்லிலும் மெல்லிய மின்காப்புப் படலத்துக்குள் எலக்ட்ரான்கள் அடைபட்டிருக்கும். அவற்றின் அளவுதான் தகவல். இன்று பரவலாக விற்பவற்றில் ஒரு செல்லுக்கு 3 பிட், அதாவது 0 அல்லது 1 என மூன்று இலக்கங்கள். அதற்கு எட்டு அளவுகளைக் குழப்பாமல் பிரித்தறிய வேண்டும். எழுதி அழிக்கும் ஒவ்வொரு முறையும் படலம் கொஞ்சம் நைந்துபோகிறது. எலக்ட்ரான்கள் மெல்லக் கசிகின்றன. எட்டு அளவுகள் என்பதால் சிறிய கசிவுகூடப் பிழையாகலாம்.

வெப்பம் இந்தக் கசிவை வேகப்படுத்தும். நம் ஊருக்கு இதுதான் முக்கியம். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்த ஒரு சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரியில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்கிறது, சிப் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் வரையறை. புதியது இதைவிடப் பல மடங்கு தாங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் சித்திரை வெயிலில் தஞ்சாவூர் மாடி அறையில் பூட்டிக் கிடக்கும் பீரோ 30 டிகிரியிலா இருக்கும்? காந்தப் பதிவுக்கு இந்த வெயில் பெரிய பொருட்டே இல்லை.

அப்புறம், கரண்ட். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்சாரம் சட்டென்று நின்றால், ஹார்ட் டிஸ்க் தன் தட்டு சுழலும் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டைப் பத்திரமாக ஒதுக்கிவிடும், அழகான ஏற்பாடு! மலிவான எஸ்எஸ்டிகளில் அப்படிக் கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்துத் தாங்கும் மின்தேக்கிகள் பெரும்பாலும் இருப்பதில்லை. எழுதிக்கொண்டிருந்த தகவல் போய்விடலாம். ஆனால் எதில் எழுதினாலும் யுபிஎஸ் வேண்டும்.

தவறுதலாக அழித்த ஃபைலை ஹார்ட் டிஸ்கிலிருந்து பல நேரங்களில் மீட்டுவிடலாம். எஸ்எஸ்டி அழித்த இடத்தை டிரிம் கட்டளையால் தானே காலிசெய்துவிடுவதால் அந்த வாய்ப்பு குறைவு.

வேலை முடிந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்குகளில் நகல் எடுங்கள். எஸ்எஸ்டி ஒன்று வாங்கும் பணத்தில் அதே கொள்ளளவில் இரண்டு ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஒன்று ஸ்டுடியோவில் இருக்கட்டும், இன்னொன்றை வேறு ஊரில் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வருடம் ஒருமுறை இரண்டையும் ஓடவிட்டுச் சில ஃபைல்களைத் திறந்து பாருங்கள்.