பேஸ் தூக்கலான ஹெட்போன் வாங்கும் முன் 'கடை, தடை, படை' கேட்டுப் பாருங்கள்

"மேடம், பேஸ் அதிகமா வெச்சுக் கேட்டா காது போயிடுமா?"

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் வேலையில் இருப்பதால் வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். பேஸ் என்றால் பாட்டின் அடியில் 'கும்' என்று கேட்கும் தாழ்ந்த ஒலி. கேட்கும்போதே பாதிப் பேர் கழுத்தில் ஒரு ஆன்-இயர் ஹெட்போன் தொங்கும். காதை முழுசாக மூடாமல் மடல்மேல் மெத்தை மாதிரி உட்காருமே, அந்த ரகம். விலை அவ்வளவு இல்லை, மடித்துப் பையில் போடலாம், வயர் தொல்லை கிடையாது. பீட்ஸ் சோலோ 3, ஜேபிஎல் டியூன் 510பிடி மாதிரியானவை ஒரு சார்ஜில் 40 மணி நேரம் ஓடும் என்றே விற்கப்பட்டவை. பெட்டியில் பெரிய எழுத்தில் பேஸ், பேஸ் என்று வேறு போட்டிருக்கும். வாங்காமல் என்ன செய்வார்கள்?

பேஸ் மட்டும் காதைக் கெடுப்பது குறைவுதான். ஒரே டெசிபெல் அளவில், அதாவது ஒரே சத்த அளவில், தாழ்ந்த 60 ஹெர்ட்ஸ் ஒலியையும் கீச்சென்ற 3000, 4000 ஹெர்ட்ஸ் ஒலியையும் வைத்தால், உள்காதை அதிகம் வதைப்பது இரண்டாவதுதான். நம் காதுக்குழாயின் நீளமே 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைப் பெருக்கி அனுப்புகிற மாதிரி அமைந்திருக்கிறது. அதனால்தான் சத்தத்தால் கெட்ட காதின் ஆடியோகிராமில், அதாவது எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில், வழக்கமாக 4000 ஹெர்ட்ஸ் இடத்தில் ஒரு பள்ளம் விழும். 8000-க்குப் போகும்போது கோடு மறுபடி ஏறும். விசைத்தறி ஓட்டுபவர்களிடமும் பட்டறையில் வேலை செய்பவர்களிடமும் பார்த்துப் பழகிய பள்ளம் அது, இப்போது கல்லூரி முடித்த பிள்ளைகளின் தாளிலும் லேசாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

அப்படியென்றால் பேஸ் நிரபராதியா என்றால், அதையும் சொல்ல முடியாது. தாழ்ந்த ஒலிக்கு ஒரு குணம் உண்டு, தனக்கு மேலே இருக்கிற ஒலிகளை அது மூடிவிடும். சத்தம் கூடக் கூட இந்த மூடலும் கூடும். பேஸ் கும்மென்று இருக்கிற ஹெட்போனில் பாடகரின் வார்த்தை தெளிவாக விழவில்லை என்றால் கை தானாக வால்யூமுக்குப் போகிறது. வால்யூமை ஏற்றினால் வார்த்தையோடு சேர்ந்து பேஸும் ஏறுகிறது, முன்பைவிட இன்னும் நன்றாக மூடுகிறது, மறுபடி கை போகிறது. இதற்கு நடுவில் அந்த 3000, 4000 ஹெர்ட்ஸ் சமாச்சாரமும் சத்தமில்லாமல் (சிரிக்காதீர்கள்) ஏறிக்கொண்டே போகும்.

இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒருவர். வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம், எல்லாம் டவுன் பஸ். ராத்திரி படுத்தால் காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு இரைச்சல் என்று வந்தார். செவித்துணைக் கருவி பொருத்தியவர்களைச் சோதிக்க நாங்கள் வைத்திருக்கும் பஸ் இரைச்சல் பதிவை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, "பஸ்ஸில் எப்படி வைப்பீர்களோ அப்படி வையுங்கள்" என்றேன். வைத்தார். இரைச்சலை நிறுத்திவிட்டு, ஹெட்போன் மெத்தையில் சத்தம் அளக்கும் மீட்டரின் மைக்கைப் பிடித்தால் 92 டெசிபெல். இது துல்லியமான முறை இல்லை, அதற்கு செயற்கைக் காது என்ற அளவுக் கருவி வேண்டும், குத்துமதிப்பாக என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஹெட்போன் ஆப்பில் பேஸைக் கூட்டிக் கொடுக்கும் பேஸ் பூஸ்ட்டை அணைக்கச் சொல்லி, அதே இரைச்சலில், பாட்டு வரி புரிகிற அளவுக்கு மட்டும் வைக்கச் சொன்னேன். 86-ல் நின்றுவிட்டார்.

ஆறு டெசிபெல்தானே என்று தோன்றும். உலக சுகாதார நிறுவனமும் ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பும் சேர்ந்து 2019-ல் அறிவித்த வரையறைப்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்லில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபெல்லில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 86 என்றால் வாரத்துக்கு 10 மணி நேரம். 92 என்றால் இரண்டரை மணி நேரம். இவர் அந்த வார ரேஷனைத் திங்கட்கிழமை சாயங்காலம் வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே முடித்துவிடுகிறார். 86-ம் அவருடைய பயண நேரத்துக்கு அதிகம்தான், ஆனால் அதை அங்கிருந்து குறைத்துக்கொண்டு வரலாம்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு திருகல் இருக்கிறது. மெதுவாகக் கேட்பவருக்கு பேஸ் தூக்கலான ஹெட்போன் நல்லதே. ஒலி தாழ்ந்திருக்கும்போது நம் காதுக்கு பேஸ் ரொம்பக் குறைவாகத்தான் கேட்கும், 1933-லேயே பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டிய விஷயம் இது. குறைந்த ஒலியில் பாட்டு சப்பென்று இருப்பதற்கு அதுதான் காரணம், அந்தக் குறையை ஹெட்போனே கொஞ்சம் நிரப்பிக் கொடுத்தால் வால்யூமை ஏற்ற வேண்டிய ஆசையே வராது. அதே ஹெட்போனை முக்கால் வால்யூமில் வைத்தால் சேறு. ஆகவே என்னைக் கேட்டால், ஒரு பேஸ் ஹெட்போனை எடை போட வேண்டிய இடம் கால் வால்யூம்.

கடையில் யாரும் அப்படிப் போட்டுக் காட்ட மாட்டார்கள். ஏசி அறையில், அவர்கள் போனில், அவர்கள் பாட்டை, இரண்டு நிமிடம் அலறவிட்டுக் காட்டுவார்கள். இரண்டு ஹெட்போனை மாற்றி மாற்றிக் கேட்டால் எது கொஞ்சம் சத்தமாக இருக்கிறதோ அதுதான் 'நல்லா இருக்கு' என்று தோன்றும், காதின் பலவீனம் அது. அதனால் உங்கள் போனை இணையுங்கள், இரண்டையும் ஏறக்குறைய ஒரே சத்தத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு ஒப்பிடுங்கள். பெட்டியில் இருக்கும் '20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்ற வரியைப் படிக்கவே வேண்டாம். அந்த எல்லைக்குள் எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கம் என்று சொல்லாதவரை அதற்கு அர்த்தம் இல்லை. டிரைவர், அதாவது உள்ளே இருக்கும் குட்டி ஸ்பீக்கர், 40 மில்லிமீட்டரா 32 மில்லிமீட்டரா என்பதும் அப்படித்தான்.

கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வீட்டில் யாரையாவது வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பச் சொல்லுங்கள், ஆண் குரலாக இருந்தால் இன்னும் நல்லது. கடை, தடை, படை, சடை, நடை, மடை, வடை, எடை... எந்த வரிசையில் சொல்கிறார் என்பது உங்களுக்குத் தெரியக்கூடாது, பத்து வார்த்தை போதும். 'டை' எல்லாவற்றிலும் பொது, முதல் எழுத்துதான் வித்தியாசம், அந்த வித்தியாசம் பெரும்பாலும் மேல் அலைவரிசையில்தான் ஒளிந்திருக்கிறது. கால் வால்யூமில் போட்டு எழுதுங்கள். ஒன்பது பத்து சரியாக வந்தால் அந்த ஹெட்போனில் பேஸ் தன் இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். படைக்கும் தடைக்கும் தடுமாறுகிறீர்கள், பேஸ் பூஸ்ட்டை அணைத்தால் சரியாகிறது என்றால், தினமும் பயன்படுத்த அது வேண்டாம். அணைத்தும் தடுமாறினால், வேறு நல்ல ஹெட்போனிலும் தடுமாறினால், ஹெட்போன் பேச்சை விட்டுவிட்டு ஒரு ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள்.

பேஸின் தரத்துக்கு மிருதங்கம். தனி ஆவர்த்தனம் ஏதாவது ஒன்றைப் போட்டு, தொப்பி என்கிற இடது பக்கத்தை மட்டும் கவனியுங்கள். கும்கி என்ற அடியைக் கொடுக்கும்போது அந்த 'கும்' வழுக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும், ஏறுவது காதில் தெரிய வேண்டும். மோசமான பேஸ் ஹெட்போனில் ஏற்றம் தெரியாது, எல்லா அடியும் ஒரே 'தும்', அடுத்த வீட்டில் யாரோ மாவு இடிக்கிற மாதிரி. வலது பக்கமான வலந்தலையின் கணீர் அதற்கடியில் புதைந்திருக்கும்.

கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். ஆன்-இயரில் பேஸ் என்பது மெத்தை மடலோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பதைப் பொறுத்தது, கண்ணாடிக் காம்பு நடுவில் ஒரு இடுக்கு விட்டால் முதலில் தப்பித்துப் போவது பேஸ்தான். இறுக்கிப் பிடிக்கிற ரகம் கடையில் நன்றாக இருக்கும், ஒரு மணி நேரத்தில் காம்புக்கும் மண்டைக்கும் நடுவில் மாட்டிய மடல் வலிக்கும். குறைந்தது இருபது நிமிடமாவது கழற்றாமல் போட்டிருங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

பஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஆன்-இயர் மெத்தை இன்ஜின் உறுமலைத் தடுக்காது, உறுமலும் பேஸும் ஒரே அலைவரிசைக்காரர்கள் என்பதால் பஸ் கிளம்பியதும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பேஸ் காணாமல் போகும், அதைத் தேடித்தான் எல்லாரும் வால்யூமை ஏற்றுகிறார்கள். இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் கேன்சலிங் வேலை செய்வதும் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த உறுமலில்தான். தினமும் பஸ் என்றால் பேஸுக்குக் கொடுக்கிற பணத்தை அதற்குக் கொடுங்கள், காதை முழுசாக மூடும் ரகமாக இருந்தால் இன்னும் விசேஷம். வெயில் காலத்தில் வேர்க்கும், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மற்றபடி, ஆபீஸ் மீட்டிங்குக்கு அதே ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தினால் ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறி ஒலி தட்டையாகிவிடும். பழுது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். செயற்கைத் தோல் மெத்தை நம் ஊர் வியர்வைக்குச் சீக்கிரம் உரியும், மாற்று மெத்தை கிடைக்கிற மாடலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞரின் ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸில் இரண்டு காதிலும் சின்னப் பள்ளம் இருந்தது. அது நிலையான பள்ளமா, பஸ்ஸில் கேட்டுக்கொண்டே வந்ததால் காது களைத்துப்போய்க் காட்டிய பள்ளமா என்று அன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை, உள்ளே வரும் வரை பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். நீங்களும் காது சோதனைக்கு வருவதாக இருந்தால் அதற்கு முன் 14 மணி நேரமாவது ஹெட்போன், மேளம், பட்டறைச் சத்தம் எதுவும் இல்லாமல் வாருங்கள். காலையில் அப்பாயின்ட்மென்ட் என்றால் முந்தின நாள் சாயங்காலமே கழற்றி மேஜைமேல் வைத்துவிட வேண்டும்.