சாம்பார் வெங்காயமும் நாயின் ரத்தமும்

மீந்த சாம்பார் சாதத்தில் மல்லித்தழை கிடக்கிறதே, நாய்க்கு வைக்கலாமா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். மல்லித்தழையால் ஒன்றும் ஆகாது. புதினாவும் நாலு இலை என்றால் பரவாயில்லை, கட்டாகத் தின்றால்தான் வாந்தி, பேதி வரும். எனக்குப் பயமெல்லாம் அதே சாம்பாரில் கிடக்கும் சின்ன வெங்காயம்தான்.

வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றின் கந்தகச் சேர்மங்கள் வேகவைத்தாலும் பொடித்தாலும் போவதில்லை. குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து சிவப்பணுவுக்குள் நுழைந்துவிடும்.

அங்கே ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனைகள் இருக்கின்றன. வெங்காயச் சேர்மங்கள் உண்டாக்கும் ஆக்சிஜனேற்றத்தில் முதலில் அடிபடுவது இவைதான். எளிதில் அடிபடும் முனைகள் மனிதருக்கு 2, நாய்க்கு 4, பூனைக்கு 8! அடிபட்ட புரதம் மடிப்புக் குலைந்து, திரிந்த பால் போலக் கட்டிதட்டி, அணுச்சவ்வின் உட்புறம் ஒட்டிக்கொள்கிறது. சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் அணுவின் விளிம்பில் நீலப் பொட்டு வைத்தது போல இருக்கும். 1890இல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ஸின் பெயரால் ஹைன்ஸ் உருண்டைகள் என்கிறார்கள்.

அப்புறம் மண்ணீரல். அங்குள்ள குறுகிய இடுக்குகளில் சிவப்பணு வளைந்து நெளிந்து புகுந்து வெளியே வர வேண்டும். உள்ளே கட்டி இருந்தால் எப்படி வளையும்? மாட்டிக்கொண்டு அழிகிறது.

இதற்குச் சில நாள் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி வெங்காயத்தைத் தின்ற நாய் புதன், வியாழனில்தான் சோர்ந்து படுக்கும். ஈறு வெளுக்கும், சிறுநீர் காபி நிறத்தில் போகும். அதற்குள் வீட்டில் எல்லோரும் வெங்காயத்தை மறந்திருப்பார்கள். உடல் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் தின்றால் ஆபத்து. 10 கிலோ நாய்க்கு அது வெறும் 50 கிராம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போனாலும் சேதம் சேரும்.

பூண்டு கொடுத்தால் உண்ணி ஓடிவிடும் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. உண்ணி பரப்பும் பபீசியா ஒட்டுண்ணியும் சிவப்பணுவைத்தான் உடைக்கிறது. ஏற்கெனவே ரத்தம் குறைந்து கிடக்கும் நாய்க்குப் பூண்டையும் திணிப்பது கொடுமை. உண்ணிக்கு மருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது.

வாசகிக்கு ஒரு யோசனை: சாம்பார் ஊற்றும் முன்பே நாய்க்கு ஒரு கை வெறும் சோறு எடுத்து வைத்துவிடுங்கள். மல்லித்தழை வேண்டுமானால் மேலே கிள்ளிப் போடுங்கள்.