விலாசம் இல்லாதவரிடம் சேலை வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. தேவகோட்டையிலிருந்து வந்த ஓர் ஆச்சி, பேத்தி கல்யாணத்துக்காக இணையத்தில் வாங்கிய மூன்று கண்டாங்கிச் சேலைகளை, அதாவது காரைக்குடிப் பக்கத்துக் கட்டம் போட்ட பருத்திச் சேலைகளை, என் மேசையில் வைத்தார். தொட்டதுமே தெரிந்துவிட்டது, பருத்தி இல்லை. கட்டங்கள் நெய்தவை அல்ல, அச்சடித்தவை. மறுபுறம் வெளிறிக் கிடந்தது. 12,600 ரூபாய்.

"பொருள் வீட்டுக்கு வந்த பிறகுதானே தம்பி பணம் கொடுத்தேன்? அதில் எப்படி ஏமாற்ற முடியும்?" என்றார்.

நுகர்வோர் வழக்குகள் நடத்தும் எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டால் இப்போது ஆற்றாமைதான் வருகிறது. ஆச்சி, நீங்கள் பணம் கொடுத்தது சேலைக்கு அல்ல, ஒட்டிய பெட்டிக்கு. அதைக் கொண்டுவந்த பையன் கூரியர் நிறுவனத்தின் ஆள். உள்ளே இருப்பது சேலையா, பழைய துணியா என்பது அவருக்கும் தெரியாது. பணத்தை வாங்காமல் பிரிக்கவும் விடமாட்டார். பிரித்துப் பார்த்து நீங்கள் பதறும்போது அவர் அடுத்த தெருவில் இருப்பார். சில நாளில் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். திறந்து காட்டிவிட்டுத் தரும் ஏற்பாடு சில பெரிய தளங்களில் சில பொருள்களுக்கு மட்டும் உண்டு. அந்தக் காலத்தில் தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி. பார்சலையும் பணம் கட்டித்தான் பிரித்தோம். ஆனால் அதை அனுப்பிய கடை எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருந்தது.

சரி, எதைப் பார்த்து நம்பினீர்கள் என்று கேட்டேன். படத்தைக் காட்டினார். ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலை (செட்டிநாட்டு வீட்டுக் கூடம்), தேக்குத் தூண், அதில் சாய்ந்து நிற்கும் பெண். காரைக்குடிக் கடை என்றே நினைத்திருக்கிறார். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலையின் பெயரையும், நம் வீட்டு முற்றத்தையும் யார் வேண்டுமானாலும் திரையில் ஒட்டிக்கொள்ளலாம். படத்துக்குக் கீழே இருந்த நட்சத்திரங்களும் பாராட்டுகளும் அப்படித்தான். சில உலாவிகளில் இணைய முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுச் சின்னமும் விற்பவரின் நேர்மைக்குச் சான்று அல்ல. நீங்கள் தட்டச்சு செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதோடு அதன் வேலை முடிந்தது.

செட்டிநாட்டு நகரத்தார் வணிகத்தில் 'விலாசம்' என்றால் வீட்டு முகவரி மட்டும் அல்ல. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த கடைப்பெயர் அது. ரங்கூனிலும் பினாங்கிலும் அந்த எழுத்துகளை நம்பித்தான் பணம் கைமாறியது. தவறு நடந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த மண்ணில் பிறந்தவர்கள், ஒரு கைபேசி எண் மட்டும் உள்ள பக்கத்துக்குப் பணம் அனுப்புவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விற்பவர் சட்டப்படியான பெயரையும் முகவரியையும் குறைதீர் அலுவலரையும் காட்ட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், நம்மவர்களுக்குச் சிவகங்கை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. எல்லாம் இருந்தும், நோட்டீஸை யாருக்கு அனுப்புவது? மூன்று வழக்குகளிலும் நான் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் அதுதான்.

ஆகவே தயவுசெய்து படத்தைப் பார்க்கும் முன் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போங்கள். பெயரும் முகவரியும் இல்லையா, மூடிவிடுங்கள். திருப்பி அனுப்பும் நிபந்தனையை வாங்கும் முன் படியுங்கள். பெட்டியைப் பிரிப்பதைப் பேரப் பிள்ளைகளை வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள். அங்கேயும் வலை விரித்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தர யுபிஐ ரகசிய எண்ணைப் போடச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். பணம் பெற அந்த எண் ஒருபோதும் தேவையில்லை. போட்டுவிட்டீர்களா, உடனே இணையக் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பொருள் பற்றிய புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஆச்சியிடம் பெட்டியின் மேலுறையைக் கேட்டேன். அனுப்பியவர் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அதில்தான் இருக்கும். முதல் நாளே குப்பையோடு போட்டுக் கொளுத்திவிட்டாராம். உங்கள் வீட்டில் இப்போது பிரிக்காத பெட்டி ஏதாவது இருந்தால், அந்த உறையையாவது எடுத்து வையுங்கள்.